9 மாத ஊசி தவறிவிட்டது, இப்போது போனால் கிளினிக்கில் ஏசுவார்களா?

பிறை அம்மா | பிறை, பினாங்கு | ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். என் மகளுக்கு 11 மாதம் முடிந்துவிட்டது. பிறந்தது கோலாலம்பூரில். ஐந்தாம் மாத ஊசி வரைக்கும் அங்கேயே ஒழுங்காகப் போட்டோம். அப்புறம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அவசரமாக வீட்டைக் காலி செய்துகொண்டு பிறைக்கு வந்துவிட்டோம். ஆஸ்பத்திரி, வீடு, கைக்குழந்தை என்று ஓடியதில் ஆறாம் மாதம் போனது, ஒன்பதாம் மாதமும் போனது. வீடு மாறும்போது கிளினிக் புத்தகமும் எந்தப் பெட்டியில் போனதென்று தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நேரம் இல்லாமல் இல்லை. பயம். பெரியவனுக்கு ஒரு முறை பத்து நாள் தாமதமாகப் போனதற்கு ஒரு கிளினிக்கில் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து ஏசினார்கள். இப்போது ஐந்து மாதம் ஆகிவிட்டது, புத்தகமும் இல்லை. என்ன முகத்தோடு போவது?

நாத்தனார் சொல்கிறார், இவ்வளவு இடைவெளி விட்டால் போட்ட ஊசியெல்லாம் செல்லாது, முதலில் இருந்து போட வேண்டும் என்று. அதோடு எம்எம்ஆர் ஊசி போட்டால் பிள்ளை பேச்சு நின்றுவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவையும் அனுப்பினார். அதையும் நாலைந்து முறை கேட்டுவிட்டேன்.

இன்று பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் பொரிப்பொரியாக வந்திருக்கிறது. நேற்று மாலைதான் என் மகள் அவனோடு எங்கள் வராந்தாவில் விளையாடினாள். தூக்கம் வரவில்லை. யாராவது சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | புக்கிட் மெர்தாஜம் | ஞாயிறு, இரவு 11.15

தங்கச்சி, முதலில் இதைப் படித்துவிட்டுத் தூங்குங்கள். முதலில் இருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். 30 வருடத்துக்கு மேல் தாய் சேய் நலப் பிரிவில் நர்ஸாக இருந்து ஊசி போட்ட கை இது, உறுதியாகச் சொல்கிறேன். ஏற்கெனவே போட்ட ஊசியை உடம்பு மறக்காது. இடைவெளி நீண்டால் பாதுகாப்பு தள்ளிப்போகிறதே தவிர, போட்டது வீணாவதில்லை. நாத்தனார் சொன்னது ஊரில் பலர் நம்புகிற ஒன்றுதான். இதை நம்பிக்கொண்டு வராமலே போன தாய்மார்களை எனக்குத் தெரியும்.

நாளைக்குக் காலையிலேயே போங்கள். பிறப்புப் பத்திரம், உங்கள் ஐசி (அடையாள அட்டை), கோலாலம்பூரில் போன கிளினிக்கின் பெயர் மூன்றும் வேண்டும். கைப்பேசியில் புத்தகத்தை என்றாவது படம் எடுத்திருந்தால் தேடிப் பாருங்கள், நிறைய அம்மாக்கள் எடுத்திருப்பார்கள். இல்லாவிட்டாலும் பழைய கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்பார்கள், அங்கே பதிவேடு இருக்கும்.

உங்கள் மகளுக்குத் தவறியது இரண்டு. ஒன்று ஆறாம் மாத நியூமோகாக்கல், நுரையீரல் காய்ச்சலையும் மூளைக் காய்ச்சலையும் கொண்டுவரும் கிருமிக்கு எதிரானது. 2020இல் பிறந்த பிள்ளைகளில் இருந்துதான் நம் நாட்டில் இலவசமாகப் போடுகிறார்கள். அதனால்தான் பெரியவனுக்கு இது போட்டதாக உங்களுக்கு நினைவிருக்காது. இன்னொன்று ஒன்பதாம் மாத எம்எம்ஆர். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. இரண்டையும் ஒரே நாளில் இரண்டு தொடையிலும் போடலாம். அடுத்த எம்எம்ஆருக்குக் குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் விஷயம். அது தட்டம்மையா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தட்டம்மையானால் முதலில் நல்ல காய்ச்சல், மூக்கு ஒழுகல், இருமல், கண் சிவப்பு. மூன்று நான்கு நாள் கழித்துத்தான் காதுக்குப் பின்னாலும் நெற்றி ஓரத்திலும் பொரி கிளம்பி முகம், மார்பு, கால் என்று கீழே இறங்கும். பட்ட 72 மணி நேரத்துக்குள் எம்எம்ஆர் போட்டால் நோயைத் தடுக்கவோ இலேசாக்கவோ வாய்ப்பு உண்டு. அதனால்தான் நாளைக்கே என்கிறேன். நேரம் கடந்திருந்தாலும் போடுவதால் கெடுதல் இல்லை.

ஒன்று கவனம். உங்கள் மகளுக்கே காய்ச்சலும் பொரியும் இருந்தால் நேராகக் காத்திருக்கும் அறைக்குள் போகாதீர்கள். வாசலில் நின்று மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். தட்டம்மைக் கிருமி நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். அங்கே இரண்டு மாதக் குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏசினால்? ஏசிய அந்த மிஸ்ஸி செய்தது தவறு. நானும் வேலை நெருக்கடியில் சில தாய்மார்களிடம் குரல் உயர்த்தி இருக்கிறேன். அதில் இருவர் அதன் பிறகு வரவே இல்லை. அந்த முகங்கள் இன்றும் ஞாபகம் இருக்கின்றன. நீங்கள் அப்படி நின்றுவிடாதீர்கள்.

---

ஜெலுத்தோங்காரி | ஜெலுத்தோங் | திங்கள், காலை 6.50

பிறை அம்மா, நானும் ஏச்சு வாங்கியவள்தான். என் வழி இது: உள்ளே போனதும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே, "மிஸ்ஸி, ரெண்டு ஊசி விட்டுப் போச்சு, மாமியாருக்கு உடம்பு முடியலை, இன்னைக்குப் போட வந்திருக்கேன்" என்று சொல்லிவிடுவேன். மறைக்கிறோம் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கும் கோபம் வருகிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, நீங்களும் பசியாறிவிட்டுப் போங்கள். ஊசி நாளில் வரிசை நீளம்.

---

ஆயர் ஈத்தாம் வாத்தியார் | ஆயர் ஈத்தாம் | திங்கள், காலை 9.20

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 74. என் இடது புஜத்தில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. ஒன்று சிறியது, காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி. அது உங்கள் எல்லோருக்கும் இருக்கும். இன்னொன்று ஐம்பது காசு அளவில் குழிந்து, ஓரம் முழுக்கச் சுருக்கம் விழுந்து இருக்கும். அது பெரியம்மை ஊசி. என் பிள்ளைகளில் கடைசி மகளுக்கு அது இல்லை. பேரப்பிள்ளைகள் அதை விரலால் தடவிப் பார்த்து, "தாத்தா, இது என்ன காயம்?" என்று கேட்கிறார்கள். 1977இல் சோமாலியாவில் கடைசியாக ஒருவருக்கு இயற்கையாக வந்தது. 1980இல் உலகத்தில் பெரியம்மையே இல்லை என்று அறிவித்தார்கள். ஊசி போடவும் தேவை இல்லாமல் போய்விட்டது.

பாயான் லெப்பாஸ் பக்கம் போகிறவர்கள் கடலில் ஜெரெஜாக் தீவைப் பார்த்திருப்பீர்கள். என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டதும் அத்தனை பேரையும் அந்தத் தீவில் இறக்கிவிட்டார்கள். பினாங்குக் கரை கண்ணெதிரே தெரியும், போக முடியாது. எத்தனை நாள் என்று தாத்தாவுக்கே கணக்கு இல்லை. கூட வந்த தம்பியை அங்கேயே புதைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனாராம்.

நான் வளர்ந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில். பக்கத்து லயத்தில் என் வயதுப் பையன் ஒருவன், பந்து உதைப்பதில் கெட்டிக்காரன். ஒரு நாள் காய்ச்சல் வந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். காய்ச்சல் விட்ட பிறகு அவனால் வலது காலை ஊன்ற முடியவில்லை. இளம்பிள்ளை வாதம். பால்மரக் காட்டில் அவனை நாங்கள் முதுகில் தூக்கிக்கொண்டு போவோம். மலேசியாவில் போலியோ சொட்டு மருந்து 1972இல்தான் திட்டத்தில் வந்தது. அவனுக்கு அது பிந்திவிட்டது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 27 ஆண்டு போலியோ இல்லாமல் இருந்த நம் நாட்டில், 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாதக் குழந்தைக்குப் போலியோ. 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பான் வந்து குழந்தைகள் இறந்தார்கள். கெடா உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் மகளே? மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா.

---

செந்தூல் அப்பா | கோலாலம்பூர் | திங்கள், மதியம் 12.45

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள், அதனால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். நான் ஊசிக்கு எதிரி இல்லை. மூத்தவனுக்கு ஒரு வயது ஊசி போட்டு ஒன்பதாம் நாள் காய்ச்சல் ஏறி இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் மகன் போய்விட்டான் என்றே நினைத்தேன். காடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒன்றும் இல்லை, சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார்கள். பையன் இன்று நன்றாக இருக்கிறான், படிக்கிறான்.

என் கேள்வி ஒன்றுதான். இப்படி வரலாம் என்று யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொன்னார்களா? போட்டு முடித்ததும் "பெனடோல் கொடுங்க" என்றதோடு சரி. சொல்லாமல் விட்டதால்தான் சின்னவளுக்குப் போட இன்றும் கை வரவில்லை. அவளுக்கு ஒன்றரை வயது.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், மதியம் 2.30

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். சொல்லியிருக்க வேண்டும். இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆறு நோய்க்குச் சேர்த்துப் போடும் ஊசி இருக்கிறதே, அதற்குக் காய்ச்சல் அன்று இரவே வரும். எம்எம்ஆர் அப்படி இல்லை. அதில் உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட வைரஸ் இருக்கிறது. அது உடம்பில் மெல்லப் பெருகி, உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்க்க ஒரு வாரம் ஆகும். அதனால் காய்ச்சல் 7ஆம் நாளில் இருந்து 12ஆம் நாளுக்குள் வரும். சில பிள்ளைகளுக்கு இலேசாகப் பொரியும் வரும், அது மற்றவருக்குத் தொற்றாது. உங்கள் மகனுக்கு ஒன்பதாம் நாள் என்றீர்கள், கணக்குச் சரி.

காய்ச்சல் இழுப்பு எம்எம்ஆர் போட்ட மூவாயிரம் நாலாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது. பார்க்கிறவருக்கு உயிரே போகும், நீங்கள் சொன்னது ஒரு சொட்டும் மிகை இல்லை. ஆனால் அது மூளையைக் கெடுப்பதில்லை. தட்டம்மை வந்தால் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை வீக்கமே வருகிறது, அது கெடுக்கும். வந்து போன பிறகும் தட்டம்மை உடம்பின் பழைய எதிர்ப்பு நினைவுகளை அழித்துவிட்டுப் போகிறது. ஏற்கெனவே வந்து தெரிந்த கிருமிகளைக் கூட உடம்பு புதிதாகச் சந்திக்க வேண்டி வரும். தட்டம்மைக்குப் பிறகு பிள்ளை மாதக்கணக்கில் ஏதாவது ஒன்று வந்து படுத்துக்கொண்டே இருப்பதை எங்கள் காலத்து அம்மாக்கள் பார்த்திருப்பார்கள். காரணம் இதுதான்.

இழுப்பு வந்தால் பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ வைக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999.

சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய், அண்ணனுக்கு இப்படி ஆனது என்று முதலிலேயே சொல்லுங்கள். எழுதிக்கொள்வார்கள். ஊசிக்குப் பிறகு ஏதாவது நடந்தால் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவிக்கும் ஏற்பாடும் உண்டு, பெற்றோரே அறிவிக்கலாம்.

பிறை அம்மாவின் வாட்ஸ்அப் குரலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேச்சு நின்றுவிடும், ஆட்டிசம் வரும் என்ற கதை 1998இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் எழுதிய கட்டுரையில் தொடங்கியது. மொத்தம் 12 பிள்ளைகளை வைத்து எழுதியது. ஊசி நிறுவனங்கள் மீது வழக்குப் போட்ட வழக்கறிஞர்களிடம் பணம் வாங்கியிருந்தார் என்பது பிறகு வெளியில் வந்தது. 2010இல் லான்செட் இதழ் அந்தக் கட்டுரையையே நீக்கியது, அவர் டாக்டர் உரிமமும் போனது. அதன் பிறகு டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. பிள்ளை பேச்சில் பின்தங்குவது பெற்றோர் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவதும் இந்த ஊசியும் ஒரே வயதில் வருகின்றன. அதனால் மனம் இரண்டையும் முடிச்சுப் போடுகிறது, தாய் மனது வேறு என்ன செய்யும்?

---

ரெண்டு பெண்ணுக்கு அம்மா | பட்டர்வொர்த் | திங்கள், மாலை 5.10

இதை எழுத வேண்டுமா என்று காலையில் இருந்து யோசித்தேன்.

என் இரண்டாவது மகளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது கக்குவான் இருமல் வந்தது. முதல் ஊசியே இரண்டாம் மாதத்தில்தான். அதற்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. எங்கள் அப்பாவுக்கு ஒரு மாதமாக விடாத இருமல். சிகரெட் இருமல் என்று நினைத்தோம். பேத்தியை மடியிலேயே வைத்திருப்பார்.

கக்குவான் என்றால் கூவிக் கூவி இருமும் என்றுதான் கேட்டிருந்தேன். சின்னக் குழந்தைக்கு அந்தச் சத்தமே வராது. இவள் இரண்டு மூன்று தடவை சின்னதாக இருமுவாள், அப்புறம் மூச்சு நின்றுவிடும். முகம் சிவந்து, உதட்டைச் சுற்றி நீலமாகும். நான் மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு நாள் ராத்திரி எண்ணிக்கை பதினொன்று வரைக்கும் போனது, அப்புறம்தான் மூச்சை இழுத்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினாறு நாள். வீட்டில் எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். அப்பா வார்டு வாசலில் நின்று அழுதார். பிள்ளை பிழைத்தாள். அப்பா அதன் பிறகு யார் குழந்தையையும் தூக்குவதில்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள் படித்தால் டாக்டரிடம் கேளுங்கள். 27 வாரத்துக்கும் 36 வாரத்துக்கும் இடையில் தாய் கக்குவான் ஊசி போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்குப் போய்விடும். முதல் இரண்டு மாதம் அதுதான் காவல். எனக்கு அப்போது தெரியாது.

---

சூலியா தெரு நானா | ஜார்ஜ் டவுன் | திங்கள், இரவு 8.00

அல்ஹம்துலில்லாஹ், உங்கள் மகள் நலமாக இருக்கட்டும் தங்கச்சி.

பிள்ளை ஊசி பற்றியே பேசுகிறோம், பெரியவர்களுக்கும் கொஞ்சம். நாங்கள் சோற்றுக் கடை வைத்திருக்கிறோம். கடையில் சாப்பாட்டைத் தொடுகிற ஒவ்வொருவரும் டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மறுபடியும் போட வேண்டும். கறி கிண்டுகிறவர் மட்டும் இல்லை, தண்ணீர் கலக்குகிற தம்பியும்தான். டைஃபாய்டு கிருமியைக் குடலில் சுமந்துகொண்டு, தனக்கு ஒன்றுமே இல்லாமல் மாதக்கணக்கில் நடமாடுகிறவர்கள் இருக்கிறார்கள். கழுவாத கையோடு அவர் ஒரு கரண்டி குழம்பைத் தொட்டால் போதும். ஊசி போட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை விடக் கூடாது, அந்த ஊசி முழுக் காவல் இல்லை.

போன வருடம் அத்தாவையும் உம்மாவையும் மக்காவுக்கு உம்ராப் பயணம் அனுப்பினோம். மூளைக் காய்ச்சல் ஊசி புறப்படுவதற்கு முன்பு போட வேண்டும், போய்ச் சேருவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால். அத்தா கடைசி வாரத்தில்தான் சொன்னார், பெரிய அலைச்சலாகிவிட்டது. கூட்டம் சேரும் இடத்துக்குப் போகிற வயசாளிகளுக்கு அப்படியே சளிக் காய்ச்சல் ஊசியும் போட்டுவிடுங்கள்.

---

பிறை அம்மா | திங்கள், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. இன்று போக முடியவில்லை, மாமியாருக்கு டாக்டர் தேதி. நாளைக்குக் கட்டாயம் போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா பையனை டாக்டரிடம் காட்டினார். கை கால் வாய் நோயாம். உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம், வாயில் புண். தட்டம்மை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் வீட்டில் இன்னொரு பிரச்சினை. மாமியார் சொல்கிறார், "அம்மா வர்றது அம்மா வர்றதுதான். அதுக்கு ஊசி போட்டுத் தடுத்தா கோவிச்சுக்குவா. எனக்கும் சின்ன வயசுல வந்துச்சு, வேப்பிலையிலதான் இறங்குச்சு." படுக்கையில் இருக்கிறவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு மனம் இல்லை.

---

ஆயர் ஈத்தாம் வாத்தியார் | திங்கள், இரவு 10.05

எதிர்த்துப் பேச வேண்டாம் மகளே. இதில் சிக்கல் பாதி நம் சொல்லில் இருக்கிறது. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை, விளையாட்டம்மை என்று ஊருக்கு ஊர் பெயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக 'அம்மை'. உங்கள் மாமியார் "எனக்கு வந்துச்சு" என்றால் எது வந்தது? அவருக்கே தெரியாது. பெரியம்மை ஒரு வைரஸ், சின்னம்மை வேறு, தட்டம்மை அதுவும் வேறு. ஒன்று வந்து போனால் இன்னொன்றுக்குக் காவல் இல்லை. சின்னம்மை வந்து போன பெண், எனக்குத்தான் அம்மை வந்துவிட்டதே என்று ரூபெல்லாவுக்கு அசட்டையாக இருந்து, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அது தொற்றினால் பிறக்கும் பிள்ளைக்குக் காது கேளாமல் போகலாம், கண் புரையும் இதயக் கோளாறும் வரலாம். ஒரே சொல்லால் வந்த ஆபத்து இது.

வேப்பிலையை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. வாசலில் வேப்பிலை செருகுவது இந்த வீட்டுக்குள் வராதீர்கள் என்று ஊருக்குச் சொல்வது. தனிமைப்படுத்தும் முறை அது, நம் பாட்டிமார் கண்டது. தனி அறை, தனிப் பாய், இளநீர், வெளியார் வரக் கூடாது. இதில் எதை மருத்துவர் மறுக்கிறார்? என் மனைவி ஊசி போடப் போகும் நாளில் குயின் தெரு மாரியம்மன் கோவிலில் விளக்கேற்றிவிட்டுத்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு போனார். மாமியாரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | திங்கள், இரவு 10.30

ஐயா சொன்னதோடு ஒன்று. சின்னம்மைக்கும் ஊசி உண்டு, ஆனால் அரசாங்க அட்டவணையில் இல்லை, தனியாரில் காசு கொடுத்துப் போட வேண்டும். சின்னம்மை வந்த பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும். பெனடோல் மட்டும்.

---

தமிழ்ப்பள்ளி டீச்சர் | கோலாலம்பூர் | செவ்வாய், காலை 7.05

ஒன்றாம் ஆண்டு வகுப்பாசிரியை. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஏழு வயதில் பள்ளிக்கே வந்து ஊசி போடுவார்கள், தட்டம்மை ரூபெல்லாவுக்கு ஒன்று, தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் ஒன்று. 13 வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி. 15 வயதில் ரண ஜன்னிக்கு மறுபடியும். எல்லாவற்றுக்கும் முதலில் சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும். அது மலாயில் இருக்கும். பள்ளிப்பையின் அடியில் கசங்கி, மேல் மைலோ சிந்தி, கையெழுத்து இல்லாமல் அப்படியே கிடக்கும். ஊசி நாளன்று அந்தப் பிள்ளை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். மறுக்கிற பெற்றோரை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வீட்டில் யாரும் படிக்கவில்லை, பாட்டிக்கு மலாய் தெரியாது, அப்பா லாரியில் வெளியூர். இப்போது நான் கடிதத்தோடு தமிழில் நாலு வரி கையால் எழுதிப் பின் குத்தி அனுப்புகிறேன். போன தடவை ஒன்று தவிர எல்லாம் திரும்பி வந்தன.

எச்பிவி 2010இல் தொடங்கியபோது "இந்த வயசுல எதுக்கு இந்த ஊசி" என்று சில அம்மாக்கள் என்னிடமே சங்கடப்பட்டார்கள். கிருமி உடம்பில் புகுவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதற்காகத்தான் 13 வயது. வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

---

ஜெலுத்தோங்காரி | செவ்வாய், காலை 8.15

எங்கள் அண்ணனைப் பற்றி ஒரு வரி. ஹெப்பாடைட்டிஸ் பி ஊசி குழந்தைகளுக்கு வந்தது 1989இல். அண்ணன் அதற்கு முன்னால் பிறந்தவர். அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே தொற்றியிருக்கிறது. 40 வயதுக்கு மேல் ஈரல் கெட்ட பிறகுதான் தெரிந்தது. கைக்குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது வாழ்நாள் முழுக்க உடம்பிலேயே தங்கிவிடுமாம். 1989க்கு முன்னால் பிறந்தவர்கள் ஒரு தடவை இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள்.

---

பிறை அம்மா | செவ்வாய், மாலை 6.20

போட்டுவிட்டேன்!

காலை ஏழரைக்கே போய் எண் எடுத்தேன், 23. ஜெலுத்தோங் அக்கா சொன்ன மாதிரி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது. மலாய் மிஸ்ஸி, என் வயதுதான் இருக்கும். ஒரே ஒரு தடவை, "ஏன் இவ்வளவு நாள்?" என்றார். மாமியார் விழுந்ததைச் சொன்னேன். "இப்போ நடக்கிறாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். போனில் இருந்த பழைய படத்தில் ஐந்தாம் மாதம் வரைக்கும் தேதி தெரிந்தது, அதையே புதுப் புத்தகத்தில் பார்த்து எழுதினார்கள்.

ஊசி போடும் முன் அந்த மிஸ்ஸி சின்னக் குப்பியைக் காட்டினார், அடியில் மாவு மாதிரி ஒரு தூள். அதில் தண்ணீர் மருந்தைக் கலந்து மெதுவாகச் சுழற்றினார். கலந்துவிட்டால் சில மணி நேரம்தான் தாங்குமாம், குளிர்பெட்டியில் 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் வைத்திருக்க வேண்டுமாம். இரண்டு தொடையிலும் போட்டார்கள். வீரிட்டு அழுதாள், முந்தானையைப் பிடித்து இழுத்தாள், காடியில் ஏறுவதற்குள் தூங்கிவிட்டாள். அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள், ஒவ்வாமை வந்தால் பார்க்க. மாமியார் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டச் சொன்னார், கட்டியிருக்கிறேன்.

---

செந்தூல் அப்பா | செவ்வாய், இரவு 9.00

வியாழக்கிழமை லீவு எடுத்திருக்கிறேன். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். மிஸ்ஸி அக்கா சொன்ன ஒருக்களித்துப் படுக்க வைப்பதை மனைவிக்கும் காட்டிக் கொடுத்தேன்.

---

பிறை அம்மா | அடுத்த புதன், இரவு 11.50

எட்டாம் நாள். காய்ச்சல் 38.4. கழுத்துப் பக்கம் சிவப்பாக நாலைந்து பொரி. பெனடோல் கொடுத்தேன், பால் குடித்தாள், இப்போது நெஞ்சில் படுத்துத் தூங்குகிறாள். முன்கூட்டியே தெரிந்திருந்ததால் கை நடுங்கவில்லை.

இன்னொரு கேள்வி. பக்கத்து வீட்டு அக்கா இதைப் படித்துவிட்டு ராத்திரி வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையனுக்கு நாலு வயது. ஒன்றரை வயது ஊசி போடவே இல்லையாம். அவரும் ஏச்சுக்குப் பயந்துதான் போகவில்லை. நாலு வயதில் போனால் போடுவார்களா?

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி | வியாழன், காலை 6.30

போடுவார்கள். கொப்புளம் காய்ந்து காய்ச்சல் விட்டிருந்தால் வருகிற செவ்வாயே கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். பையனின் புத்தகத்தில் 18ஆம் மாதப் பக்கத்தைத் திறந்து மிஸ்ஸியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.